இரண்டாவது வரி

கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, துணிப்பையில் ஒரு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. அந்தக் கணினி அவள் தங்கை பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது.

"பையனுக்கு ஸ்கூல்ல புராஜெக்ட் சார். கடையில காட்டினேன். இதுல புது விண்டோஸ் ஏறாதாம், எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒரு தடவை பாருங்க சார்."

இயக்கினேன். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. முதல் வரியில் விண்டோஸ், இரண்டாவது வரியில் பாஸ் லினக்ஸ். "இந்த ரெண்டாவது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "அதுவா சார், அது ஏதோ கவர்ன்மென்ட் போட்டது. நாங்க தொட்டதே இல்ல."

பத்து வருடத்துக்கு மேல் அந்த வரி அந்த வீட்டில் இருந்திருக்கிறது. ஒருமுறைகூட யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வரி எப்படி அங்கே வந்தது, ஏன் யாரும் தொடவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். வரலாற்று ஆசிரியனுக்கு வேறென்ன தெரியும்? இந்தக் கதையில் என் குற்றமும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் சொல் விளக்கம். அரசு கொடுத்ததற்குப் பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. லினக்ஸ் போன்றவற்றுக்குத் தமிழில் பெயர் 'கட்டற்ற மென்பொருள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் அவர்கள் இன்றைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. விலை இல்லாதது வேறு, கட்டு இல்லாதது வேறு. கட்டற்ற மென்பொருளை யாரும் எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் கற்கலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றி எழுதி வெளியிடலாம். 1983-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதற்காக ஒரு முயற்சியை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் அதற்குத் தேவையான கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் நாம் லினக்ஸ் என்று சொல்வது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தோலை விட நல்ல உதாரணம் கிடையாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது இந்தப் பாலாற்றங்கரையின் பழைய தொழில். அந்தக் கைப்பக்குவத்துக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. ஒருவர் தொட்டியில் வேலை பார்த்தவர் நாளை தானே தொட்டி கட்டலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தொழில் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பாதி பதனிட்ட தோலாகத்தான் கப்பல் ஏற்றினோம். மெருகேற்றிச் செருப்பாகவும் பையாகவும் ஆக்கி லாபம் பார்த்தது அயல்நாட்டுக்காரன். 1972-இல் சீதாராமையா குழு இதைப் பற்றி ஆராய்ந்தது. அதன்பின் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. அப்புறம்தான் முழுத்தோல், ஷூ அப்பர், ஷூ என்று நம் ஊர் வளர்ந்தது. கடைசிக் கட்டத்தின் வித்தை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பிழைப்பும் இருக்கிறது. கணினிக்கும் இதே கணக்குதான்.

இனி நம் மாநிலத்துக் கதை. எல்காட் என்ற தமிழ்நாடு மின்னணு நிறுவனம் 1977-இல் தொடங்கியது. அரசுக்கும் பள்ளிகளுக்கும் கணினி வாங்கித் தருவது அதன் பணிகளில் ஒன்று. 2006 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் நிர்வாக இயக்குநராக வந்தார். அதற்கு முன் திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்து அலுவலக வேலைகளைக் கணினிமயமாக்கிப் பெயர் எடுத்தவர். எல்காட் அலுவலகத்தையே முதலில் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பிறகு பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளும் லினக்ஸோடு வந்தன. ஒவ்வொரு கணினிக்கும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டாம், வைரஸ் தொல்லை குறைவு என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். அந்தச் சமயத்தில் ஒரு மாநில அரசு நிறுவனம் இந்த அளவுக்குத் துணிந்தது பெரிய விஷயம். 2008-இல் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார்.

பாடப்புத்தகத்தையும் மறக்கக் கூடாது. 2000-களின் நடுவில் பிளஸ் டூ கணினி அறிவியலில் நம் பிள்ளைகள் படித்தது மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் அல்ல, ஸ்டார் ஆபீஸ். ஜெர்மனியில் பிறந்த அந்த மென்பொருளை சன் நிறுவனம் 1999-இல் வாங்கி, அடுத்த ஆண்டே மூலநிரலைத் திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஆபீஸ் ஆனது. 2010-இல் அதிலிருந்து பிரிந்தது லிப்ரே ஆபீஸ். அன்று ஸ்டார் ஆபீஸ் படித்த மாணவர்களே, நீங்கள் படித்தது வீண் இல்லை. அதன் பேரப்பிள்ளை இன்றும் உயிரோடு இருக்கிறது.

இப்போது என் குற்றம். எங்கள் பள்ளிக்கும் லினக்ஸ் கணினிகள் வந்தன, பத்து. தட்டச்சு தெரிந்தவன் என்பதால் ஆய்வகச் சாவி வரலாற்று வாத்தியாரான என்னிடம் வந்தது. ஓர் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள், வெளியே டிடிபி கடையில் அடித்த வினாத்தாளைப் பென் டிரைவில் கொண்டுவந்து திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கேள்விக்குறியும். தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை.

காரணம் அன்று எனக்குத் தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமிப்பது தமிழை அல்ல. ஆங்கில எழுத்தைச் சேமித்து, அதற்குத் தமிழ் முகமூடி மாட்டும். முகமூடி இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் இதே கதிதான். பழி மட்டும் லினக்ஸ் மேல் விழுந்தது. போட்டவனும் நான்தான்.

அந்த ஆத்திரத்தில் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஒரு குறுவட்டோடு வந்தார். மூன்று நாளில் பத்திலும் திருட்டு விண்டோஸ் ஏறிவிட்டது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். பென் டிரைவ் வழியாக வந்த வைரஸில் அடுத்த ஆண்டுக்குள் ஆறு கணினிகள் படுத்துவிட்டன. மீதி நான்கைத் துணி போட்டு மூடி வைத்தோம். ஆய்வக வகுப்பே இல்லாமல் இரண்டு செட் பிள்ளைகள் வெளியே போனார்கள்.

அதனால் சொல்கிறேன்: நம் ஊரில் லினக்ஸுக்குப் போட்டி விண்டோஸ் அல்ல, ஓசி விண்டோஸ். முழு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் பாதி ஊர் அன்றைக்கே மாறியிருக்கும்.

எழுத்துச் சிக்கலுக்கு மருந்து வந்துகொண்டுதான் இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை தரமாக்கப்பட்டது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. யூனிகோடில் சேமிப்பது தமிழையே. எந்தக் கணினியில் திறந்தாலும் அம்மா அம்மாதான். அந்த ஆணைக்கு முன்பிருந்தே 'தமிழா' குழு போன்ற தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் இரவு உட்கார்ந்து மென்பொருள்களைத் தமிழாக்கினார்கள். நம்மில் பலர் முதன்முதலாகத் தமிழ் தட்டிய எ-கலப்பை அவர்கள் கொடுத்தது. 2012-இல் த. சீனிவாசன் தொடங்கிய 'கணியம்' இணைய இதழ் லினக்ஸைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தது. ஓய்வுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இரண்டாவது வரிக்கு வருவோம். பாஸ் லினக்ஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளைச் சேர்த்து, 2007-இல் முதல் பதிப்பு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். விண்டோஸும் பாஸும் பக்கத்துப் பக்கத்தில் ஏறி வந்தன. அதாவது சென்னையில் செய்த ஒரு கட்டற்ற இயங்குதளம் லட்சக்கணக்கான ஏழை வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. உலகத்தில் எத்தனை நாடுகளுக்கு இந்த வாய்ப்பு கிடைத்திருக்கும்? ஆனால் அதைத் திறந்து காட்ட வகுப்பறையில் ஆள் இல்லை. எங்களுக்கே தெரியாது, பிள்ளைகளுக்கு எங்கே சொல்வது?

2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதையொட்டித் தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. 2015-இல் மத்திய அரசும் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. காகிதத்தில் எல்லாம் சரி.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் பள்ளிகளைப் படிப்படியாக லினக்ஸுக்குக் கொண்டுபோனது. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வே அதில்தான். இன்று 'கைட்' என்ற பெயரில் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்து ஏற்றுகிறார்கள். அவர்கள் முதலில் தயார் செய்தது ஆசிரியர்களை. நாம் முதலில் வாங்கியது கணினியை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் ஷூவை வாங்கும் ஜெர்மனியிலும் ஏற்ற இறக்கம் உண்டு. மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவது என்று முடிவு செய்தது. 2024-இல் அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கும் அதன்பின் லினக்ஸுக்கும் மாற்றப்போவதாக அறிவித்தது. ஒருமுறை தோற்றதால் கதை முடிந்துவிடாது.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர்க் கம்பெனிக் கணக்கெல்லாம் டேலியில் ஓடுகிறது. அது விண்டோஸுக்குச் செய்தது. உருது அச்சுக்காரர்கள் நம்பியிருக்கும் இன்பேஜும் அப்படியே. ஷூ வடிவமைக்கும் மென்பொருள்கள் பலவும் அதே வகை. அவர்களைப் போய் மாறச் சொன்னால் அடிக்க வருவார்கள், நியாயம்தான். ஆனால் கடிதம் எழுத, வீட்டுக் கணக்குப் போட, பாடம் படிக்க, இணையம் பார்க்க ஒரு வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் லிப்ரே ஆபீஸ் கால்க் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஸ்கிராட்ச், பிளஸ் டூவில் பைத்தான். எல்லாமே கட்டற்றவை. பாடத்திட்டம் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எக்ஸ்பி கதை திரும்ப வருகிறது, இந்த முறை இன்னும் பெரிதாக. நல்ல நிலையில் இருக்கும் கணினிகள் எடைக்குப் போகும். 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போன பாலாறு இது. தோல் கழிவுக்குப் பட்டது போதும், கணினிக் கழிவும் வேண்டாம். இதற்கிடையில் 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி தருவதாக அரசு அறிவித்தது. அந்தத் திரைகளில் இரண்டாவது வரி இருந்தால், அதைத் திறந்து காட்ட யாராவது வேண்டும்.

அந்தப் பெண்ணின் கணினிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழைய பாஸ் பதிப்பை எடுத்துவிட்டு, லினக்ஸ் மின்ட்டில் எளிய வகை ஒன்றை ஏற்றினேன். நினைவகம் கொஞ்சம் கூட்டினோம், பழைய வன்தட்டுக்குப் பதில் சிறிய எஸ்எஸ்டி போட்டோம். செலவு அந்த இரண்டு சாமான்களுக்கு மட்டும். பையன் தமிழ்99-இல் தன் பெயரை அடித்துப் பார்த்தான். அவன் அம்மா எட்டிப் பார்த்து, "இது திருட்டு இல்லையே சார்?" என்றாள். "இல்லம்மா, இது உன் பையனுதுதான். அவன் ஃபிரண்டுக்கும் காப்பி போட்டுக் குடுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

சொல்லும்போதே அந்தப் பத்துக் கணினிகள் கண்ணில் வந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் பழைய மடிக்கணினியை எடைக்குப் போடும் முன் ஒருமுறை கொண்டுவாருங்கள். முக்கியமான கோப்புகளை மட்டும் முன்பே படியெடுத்து வையுங்கள். என் பழைய மாணவர்களில் லினக்ஸ் தெரிந்தவர்கள் வந்து உதவினால் இன்னும் நல்லது. நீங்கள் இழந்த ஆய்வக வகுப்புகளுக்கு வாத்தியார் பட்ட கடன் இது. கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறேன்.