வைலேயின் விங்கர்

டென்மார்க்கின் வைலே நகரில் 1952-இல் பிறந்த கால்பந்து வீரர் அலன் சிமோன்சென் 165 செ.மீ. உயரமே கொண்டவர். 1972-இல் ஜெர்மனியின் மொன்சென்கிளாட்பாக் கழகத்தில் சேர்ந்தார். தொடக்கத்தில் பெரும்பாலும் பெஞ்சுதான். 1977 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், லிவர்பூல் வீரரின் தவறான பாஸைப் பறித்து, பெனால்டி எல்லையருகிலிருந்து இடக்காலால் கோல்வலையின் மேல்மூலைக்கு அடித்தார். லிவர்பூலே 3-1 என வென்றது. ஆயினும் அவ்வாண்டின் தங்கப்பந்து விருது சிமோன்சென்னுக்கே.

1979-இல் ஸ்பெயினின் பார்சிலோனா கழகத்துக்கு மாறினார். 1982-இல் அங்கே அர்ஜென்டினா வீரர் மாரடோனா வந்தார். அணிக்கு இரண்டு வெளிநாட்டவர் என்பதே அன்றைய விதி; மாரடோனாவின் வருகையால் அந்த வரம்பு மீறியது. சிமோன்சென் விலகி, வியப்பூட்டும் வகையில், இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவுக் கழகமான சார்ல்டனுக்குப் போனார். 1983-இல் வெம்பிளியில் டென்மார்க்குக்காக அவர் அடித்த பெனால்டி கோலே இங்கிலாந்தை வீழ்த்தியது. யூரோ 1984-இன் முதல் ஆட்டத்தில் கால் முறிந்தது. 1989-இல் வைலே கழகத்திலேயே ஓய்வு பெற்றார்.