தகடூர் நாட்டில் காப்பிக் கடை

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், நான் வழக்கம்போல் நடுகல் ஒன்றைப் பற்றியோ அதியமான்கோட்டையைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று எண்ணியிருக்கக்கூடும். அவற்றை எழுத அறிஞர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது; பத்தாண்டுகளாக நம் கண்முன்னேயே இருப்பது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூட்டம் தொடங்குமுன் நாம் கூடுகின்ற தெருமுனைச் சிற்றுண்டிக் கடைதான் அது. நான்கு இட்டலி, ஒரு வடை, நுரை ததும்பும் காப்பி ஒன்று. அதற்குள் சென்ற கூட்டத்தில் முடியாமல் நின்ற வாதம் மீண்டும் தொடங்கிவிடும். வட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் இடம்பெறாத நல்ல திறனாய்வுகள் பல அந்தப் பெஞ்சின்மேல் பிறந்தவை என்பதை உறுப்பினர் மறுக்கமாட்டார்கள்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது மற்றொரு செய்தி. நம் வட்டத்தின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்தப் பெஞ்சில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. வாசலுக்கு வெளியே, தூண் ஓரமாக நின்றே காப்பி அருந்துவார். “உள்ளே வந்து உட்காருங்களேன் ஐயா” என்று ஒருமுறை அழைத்தேன். “இருக்கட்டும் சார், நின்னு குடிச்சே பழகிப்போச்சு” என்றார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்தபோதுதான் காப்பிக் கடைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது எனக்கு உறைத்தது.

காலையில் இட்டலியும் காப்பியும் உண்பது தமிழரின் தொன்று தொட்ட வழக்கம் என்று இன்றைய இளைஞர் நம்புகின்றனர். இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை அது பிழை. இது கேழ்வரகு நாடு. ஏரிப் பாசனமுள்ள சில ஊர்களை நீக்கிவிட்டால் மானாவாரி நிலமே மிகுதி. கேழ்வரகும் கம்பும் சாமையும் வரகுமே மக்களின் உணவு. காலையில் முதல்நாள் களியைக் கரைத்த கரைசல் அல்லது கூழ். கடித்துக்கொள்ள வெங்காயமோ பச்சை மிளகாயோ. நெல்லரிசிச் சோறு விருந்தினர் வந்தால் உண்டு. இட்டலி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவது. உரலில் மாவாட்டும் ஓசை கேட்டால் அன்று பண்டிகை என்று பிள்ளைகள் அறிந்துகொண்ட காலத்தை அறுபது வயதைக் கடந்தவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். இட்டலியின் முன்னோடியான பண்டம் பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலாகிய வட்டாராதனையில் சுட்டப்படுகிறது. அதை ஒட்டிய காலத்தில் நம் தகடூர்ப் பகுதி நுளம்பர் ஆட்சியில் கன்னட நாட்டோடு நெருங்கியிருந்தது உண்மையே. ஆயினும் அரண்மனைப் பண்டம் உழவன் அடுப்பிற்கு வரச் சில நூற்றாண்டுகள் பிடிக்கும் போலும்.

காப்பியின் கதை இதனினும் விந்தையானது. பாபா புதன் என்னும் சூஃபிப் பெரியார் அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழிக் கதை. நம் பக்கத்தில் காப்பி முளைத்ததற்கு இன்னும் தெளிவான சான்று உண்டு. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கும்பினியாரின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கு நிலவரித் திட்டத்தை வகுத்தனர். அதற்கடுத்த தலைமுறையில், 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை அறிமுகம் செய்தார். ஏர்க்காட்டுத் தோட்டங்களின் தொடக்கம் அதுவே. நம் மாவட்டத்தின் தென்னெல்லையில் எழுந்து நிற்கும் மலை அது. அடிவாரத்து ஊர்களில் வாழ்ந்தோர், தங்கள் தலைக்குமேல் விளைந்த காப்பியின் சுவையை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அறியவில்லை. கொட்டை மூட்டைகளாகக் கட்டப்பட்டுக் கப்பலேறியது. கூலியாட்கள் கூழ் குடித்தனர்.

காப்பி மலையிலிருந்து நேராக நமக்கு இறங்கி வரவில்லை. நகரத்தைச் சுற்றிக்கொண்டு, இரயிலேறி வந்தது. சென்னையிலிருந்து சேலத்துக்குச் சென்ற இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்தில் மொரப்பூர் வழியாக அமைந்தது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலக் குறும்பாதை திறக்கப்பட்டது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அப்பாதை மூடப்பட்டது. அந்தச் சின்னஞ்சிறு இரயிலைப் பார்த்த கண்கள் இன்று அநேகமாக இல்லை. கச்சேரிக் குமாஸ்தாக்கள், வழக்குரைஞர், வட்டாட்சியர் அலுவலகத்தார், தரகர் ஆகியோர் குடியேறிய ஊர்களில்தான் காப்பிக் கடை முதலில் தலைகாட்டும். தமிழ்நாட்டில் எங்கும் அதுவே முறை.

காப்பி இங்கு வந்தபோது எழுந்த கூக்குரலை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் வெளியான ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். காப்பி உடலைக் கெடுக்கும், பழைய சோற்றின் வலிமையைப் போக்கும், பெண்களைச் சோம்பேறிகளாக்கும் என்றெல்லாம் அன்றைய இதழ்கள் அஞ்சின. அஞ்சியவர்களே அதனை விடாமல் அருந்தவும் செய்தனர்! காப்பி நடுத்தர வகுப்பாரின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் பிரிந்த விதத்தை அவர் நன்கு காட்டுகிறார். நம் ஊர்ப்புறங்களில் இப்பிரிவு சொல் அளவில் கலைந்துபோனதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சுக்கும் கொத்துமல்லியும் தட்டிப்போட்டு வெல்லமிட்ட கொதிநீருக்கும் இங்கு ‘காப்பி’ என்றே பெயர். ஒரு கொட்டைகூடச் சேராத காப்பி அது.

‘கிளப்’ என்ற சொல்லையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெள்ளையர் தம்மவர் மட்டும் கூடிக் குடிக்கவும் சீட்டாடவும் வைத்திருந்த மன்றத்துக்கு அது பெயர். நம்மவர் அதை எடுத்து உணவுக்கடைக்குச் சூட்டிக் ‘காப்பி கிளப்’ என்றனர். கிராமத்து முதியோர் வாயில் ‘கிளப்புக் கடை’ என்பது அண்மைக்காலம் வரை வழங்கியது. பெயரோடு அதன் பண்பும் ஒட்டிக்கொண்டு வந்தது என்பதே துயரம். பிராமணருக்கு உள்ளே தனி இடம், மற்றச் சாதியாருக்கு வெளியே ஓர் இடம், தாழ்த்தப்பட்டோருக்கு இடமே இல்லை என்பதே அக்காலக் கடைகளின் அமைப்பு. இரயில் நிலைய உணவகங்களிலும் இப்பிரிவினை இருந்தது. சுயமரியாதை இயக்கத்தாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல் ஒழிந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் 1957இல் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீடித்தது. ஒரு பலகைக்காகவா இத்தனை பேர் சிறை செல்வது என்று அன்று கேலி பேசியோர் உண்டு. பலகைக்கு அடியில் நின்று திரும்பிப் போனவர்களுக்கே அதன் கனம் தெரியும்.

நம் மாவட்டத்துக்கே உரிய செய்தி ஒன்றுக்கு வருகிறேன். இந்நிலத்தின் பழைய பானம் கள். அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை (புறநானூறு 235) அவன் கள்ளைப் பிறரோடு பகிர்ந்துண்ட பாங்கை நினைந்து உருகுவதை நாம் பலமுறை இவ்வட்டத்தில் படித்திருக்கிறோம். அந்நாட்டில், 1937 அக்டோபர் 1ஆம் நாள், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த இராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று சேலத்தைச் சேர்ந்தவை. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூருக்கு அருகிலேயே உள்ளது. ஆக, மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு 1948இல் வருவதற்கு ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் முன்னரே நம் ஊர்களில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. பொழுது சாய்ந்ததும் கூடிப் பேசும் இடம் ஒன்று ஊரிலிருந்து மறைந்தது. காப்பிக் கடையும் தேநீர்க் கடையும் அவ்வெற்றிடத்தில் குடிபுகுந்தன என்றே நான் கருதுகிறேன். செய்தித்தாள் படிக்க ஒருவர், கேட்கப் பத்துப்பேர் என்ற காட்சி பின்னாளில் ஊர்தோறும் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கள்ளுக்கடையில் அனைவரும் சமமாக இருந்தனர் என்று சொல்ல வரவில்லை. அங்கும் பிரிவினை உண்டு. ஆனால் புதிதாகத் தோன்றிய இடம் பழைய வேலியையும் பிடுங்கிக்கொண்டு வந்து நட்டுக்கொண்டதே, அதைத்தான் சொல்கிறேன்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கிற்று. ஒரு நாட்டின் முதற்சட்டத்தில் உணவுக்கடை இடம்பெற்றதென்றால் அக்கடை எவ்வளவு பெரிய இடம் என்பதை எண்ணிப்பாருங்கள்.

நம் தமிழாசிரியரிடம் மெல்லக் கேட்டேன். பல வாரங்கள் தட்டிக்கழித்தவர் ஒருநாள் சொன்னார். சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த 1965இல் அவர் ஏழாம் வகுப்பு மாணவர். சந்தை நாளில் தந்தையோடு நடந்து வருவார். வழியில் உள்ள கடையில் தந்தைக்கு ஒரு காப்பி. மகனுக்கு அதில் பாதி. அவர்களுக்கென்று ஓர் அலுமினியக் குவளை கூரைச் சரிவில் செருகி வைக்கப்பட்டிருக்கும். தந்தை அதை எடுத்துக் கழுவிக் கீழே வைப்பார். கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்தபின் மீண்டும் கழுவிச் செருகவேண்டும். காசைத் தரையில் வைக்கவேண்டும். “காப்பி நல்லாத்தான் இருக்கும் சார். அதான் வேதனை” என்றார். பின்னர் ஆசிரியப் பணி கிடைத்தது. எத்தனையோ ஊர்களில் தலைமையேற்றுப் பேசினார். கடையில் அமர மட்டும் உடல் இணங்கவில்லை.

இது பழங்கதை என்று கடந்துபோக வழியில்லை. 2024 பிப்ரவரியில் இம்மாவட்டத்து மொரப்பூர் அருகே, வயல் வேலைக்குச் சென்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்குத் தேங்காய்க் கொட்டாங்குச்சியில் தேநீர் வழங்கப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. வழக்குப் பதிந்து இருவர் கைது செய்யப்பட்டனர். நாம் ஞாயிறுதோறும் காப்பி அருந்தும் கடையிலிருந்து பேருந்தேறினால் சென்று சேர்ந்துவிடக்கூடிய தொலைவு அது.

காகிதக் குவளை வந்தபோது இச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தோர் உண்டு. எனக்கு அதில் ஐயம். யார் வாய் வைத்ததோ என்ற கேள்வி எழாதபடி குடித்ததும் குப்பைக்குப் போகிற குவளை, கேள்வியைத் தீர்ப்பதில்லை; ஒத்திப்போடுகிறது. நெகிழிப் பூச்சுள்ள குவளைகளுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்ததும் கண்ணாடிக் குவளை பல கடைகளுக்குத் திரும்பியது. எல்லார்க்கும் ஒரே வாளி நீரில் அலசப்படும் அக்குவளையைச் சுகாதாரம் கருதிக் குறை கூறுவோரைக் கண்டிருக்கிறேன். அக்குறை நியாயமே. ஆயினும் அது அலசப்படும் ஓசை எனக்குப் பிடித்திருக்கிறது.

இட்டலி எவ்வாறு அன்றாட உணவாயிற்று என்பதை ஒரு வரியில் சொல்லி முடிக்கலாம்: நியாய விலைக் கடை அரிசியும் மின்மாவாட்டும் பொறியும் செய்த வேலை அது. தமிழ்நாட்டில் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் கிடைக்கத் தொடங்கியது. பண்டிகைப் பண்டம் வார நாளுக்கு இறங்கிற்று. கூழோ இப்போது சாலையோரத் தள்ளுவண்டியில் ‘இயற்கை உணவு’ என்ற பெயர்ப்பலகையோடு விற்கிறது! பெங்களூருச் சாலையில் விரையும் கார்கள் அதற்காக நிற்கின்றன. கேழ்வரகை ஏழையின் உணவு என்று மறைத்து உண்ட தலைமுறை இதைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்று திகைக்கிறது.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கி 2023இல் மாநிலம் முழுவதும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில், நம் பிள்ளைகள் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். அவ்வரிசையைப் பார்த்துவரத் தமிழாசிரியர் ஒருநாள் தம் பழைய பள்ளிக்குச் சென்றிருந்தார். திரும்பி வந்து, உப்புமாவில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னார்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். தூண் ஓரமாக நின்றபடியே, காப்பி ஆறும்வரை படித்தார். பெயரைச் சேர்க்காதது நல்லது என்றார். பிறகு, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினார். செய்தியிலும் ஒரு திருத்தம் வேண்டும் என்றார். குவளை கூரைச் சரிவில் இருந்தது தந்தையின் காலத்தில். மழைக்காலத்தில் கூரை ஒழுகியதால் 1965 வாக்கில் அதை வேலிக் கம்பில் கவிழ்த்து வைத்திருந்தனராம். அதைச் சரியாகப் போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார்.