டூர் கிளம்புறீங்களா? மொத்தப் பணத்தையும் ஒரே போனில் வைக்காதீங்க!

போன கோடை விடுமுறைக்கு அக்கா குடும்பம் கொடைக்கானல் போயிருந்தது. இரண்டாம் நாள் ஏரியில் படகு சவாரி. செல்ஃபி எடுக்க மாமா கையை நீட்ட, போன் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. "சரி விடுங்க, போன்தானே" என்று சிரித்துக்கொண்டேதான் கரைக்கு வந்தார்கள். மதியச் சாப்பாட்டு பில் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

மாமாவின் பர்ஸில் இருந்தது 340 ரூபாய். டெபிட் கார்டு வீட்டு பீரோவில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "எல்லாத்துக்கும் போன் இருக்கே, கார்டு எதுக்கு?" என்று கிளம்பும்போது சொன்னவர் அவர்தான். அக்காவிடமும் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அதில் யுபிஐ கிடையாது. "பணம் காசெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்றே பதினைந்து வருடத்தை ஓட்டியவள் அவள். லாட்ஜ் பாக்கி, காருக்கு டீசல், டோல்கேட் என்று எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன்னே நிற்க, நடு ரோட்டில் நின்று எனக்கு போன் செய்தாள்.

லாட்ஜ் மேனேஜர் நல்ல மனிதர். அவருடைய எண்ணுக்கு நான் பணம் அனுப்பினேன். வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியை ரொக்கமாக அக்கா கையில் கொடுத்தார். எல்லா ஊரிலும் இப்படி ஒரு மேனேஜர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. கிளம்பும் முன்பு ஒரு அரை மணி நேரம் செலவழித்தால், இப்படி யார் தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பாட்டியின் சுருக்குப் பை கணக்கு

நம் பாட்டிகள் பணத்தை ஒரே இடத்தில் வைத்ததே இல்லை. இடுப்புச் சுருக்குப் பையில் கொஞ்சம், முந்தானை முடிச்சில் கொஞ்சம், அரிசிப் பானைக்குள் கொஞ்சம். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். டூருக்கும் அதே கணக்குதான்.

* அன்றைய செலவுக்கான ரொக்கம் மட்டும் பர்ஸில் இருக்கட்டும்.
* அவசரத்துக்கான ரொக்கம் வேறொருவர் கையிலோ, பெட்டியின் அடியில் துணிகளுக்கு நடுவிலோ இருக்கட்டும். குறைந்தது ஒரு நாள் சாப்பாட்டுக்கும், ஊர் திரும்பும் பஸ் டிக்கெட்டுக்கும் அது போதுமானதாக இருக்க வேண்டும்.
* இரண்டு கார்டு இருந்தால் கணவரிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று. இரண்டும் ஒரே பர்ஸில் வேண்டவே வேண்டாம்.
* யுபிஐ, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வேலை செய்ய வேண்டும். கிளம்பும் முன்பே 10 ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

டூருக்குத் தனி அக்கவுண்ட்

சம்பளமும் சேமிப்பும் இருக்கும் அக்கவுண்டையே டூர் முழுக்க எல்லா கடையிலும் ஸ்கேன் செய்வது ஆபத்து. பெரும்பாலான வீடுகளில் பயன்படுத்தாத இரண்டாவது அக்கவுண்ட் ஒன்று இருக்கும். டூர் பட்ஜெட்டை அதில் போட்டு, யுபிஐ செயலியில் அதை மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது விபரீதம் நடந்தாலும் போவது டூர் பணம் மட்டும்தான். மகள் காலேஜ் ஃபீஸ் பத்திரமாக இருக்கும்.

பட்ஜெட் போடுவதும் சுலபம். டிக்கெட், ரூம் இரண்டையும் தனியாக எழுதுங்கள். சாப்பாடு, ஆட்டோ, நுழைவுச்சீட்டு, ஷாப்பிங் ஆகியவற்றை ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, நாள்களால் பெருக்குங்கள். வரும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு என்று மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் குறைகிறதே என்று கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓட ஆரம்பித்துவிடும்.

சொந்தக் காரில் போகிறவர்கள் ஃபாஸ்டேக் பேலன்ஸையும் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

கார்டுக்கும் பூட்டு உண்டு

வங்கியின் மொபைல் செயலியில் கார்டுப் பகுதிக்குப் போனால் ஏடிஎம், கடை, ஆன்லைன், வெளிநாடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆன், ஆஃப் செய்யலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று வரம்பும் வைக்கலாம். டேப் செய்து பணம் கட்டும் கார்டாக இருந்தால், 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலேயே கட்ட முடியும். கார்டு வேறொருவர் கையில் சிக்கினால் அவரும் அப்படியே கட்டலாம். கூட்டமான ஊருக்குப் போகும்போது அந்த வசதியை ஆஃப் செய்வது நல்லது.

ஏடிஎம்மில் பணம் வராமல் அக்கவுண்டில் மட்டும் கழிந்துவிட்டதா? பதற்றம் வேண்டாம். அடுத்த 5 நாள்களுக்குள் வங்கி அதைத் திருப்பிப் போட வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஏடிஎம் ரசீதையோ எஸ்எம்எஸ்ஸையோ மட்டும் அழித்துவிடாதீர்கள்.

சிக்னல் இல்லாத ஊரில்

மலைப்பகுதிகளில் கடை வாசலில் கியூஆர் அட்டை தொங்கும், போனில் சிக்னல் இருக்காது. அடிவாரத்திலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். 100, 50 ரூபாய் நோட்டுகளாக இருந்தால் இன்னும் நல்லது.

காஷ்மீர் போகிறவர்களுக்கு முக்கியமான விஷயம்: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் வேலை செய்யும். சிம் வேலை செய்யாவிட்டால் ஓடிபி வராது. குடும்பத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டு எண் வைத்திருப்பதும், அந்த எண் வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பதும் அவசியம்.

கிளம்பும் முன்பே காத்திருக்கும் மோசடி

திருட்டு எப்போதும் பஸ் ஸ்டாண்டில்தான் நடக்கும் என்றில்லை. ரூம் தேடும்போதே ஆரம்பித்துவிடும். இணையத்தில் தேடினால் ஹோட்டல் பெயரிலேயே போலித் தளங்களும் போலி போன் நம்பர்களும் வருகின்றன. பாதி விலைக்கு ரூம், முழுப் பணமும் இப்போதே, அதுவும் தனிநபர் அக்கவுண்டுக்கு என்றால் உஷாராகிவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானலுக்கான இ-பாஸ் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் எந்தத் தளமும் அரசுத் தளம் அல்ல. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட்டை ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும் எடுங்கள்.

"ரீஃபண்ட் அனுப்புறோம், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது.

வெளிநாடு என்றால்...

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே கடையிலோ ஏடிஎம்மிலோ "ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்க் கரன்சியிலா?" என்று திரையில் கேட்கும். ரூபாய் என்றதும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் மாற்று விகிதம் பொதுவாக நமக்கு நஷ்டமாகவே இருக்கும். உள்ளூர்க் கரன்சியையே தேர்ந்தெடுங்கள். இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரியில் நம் யுபிஐ அறிமுகமாகிவிட்டது. எல்லா கடையிலும் இருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

போனோ கார்டோ தொலைந்துவிட்டால்

1. முதலில் சிம்மை முடக்குங்கள். ஓடிபி அதற்குத்தானே வருகிறது! உடன் வந்தவரின் போனிலிருந்து உங்கள் நெட்வொர்க்கின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால் போதும்.
2. அடுத்து வங்கிக்குச் சொல்லி கார்டையும், யுபிஐயையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள்.
3. பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு.
4. உங்கள் தவறு இல்லாமல் வெளியாள் யாரோ பணத்தை எடுத்திருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் புகார் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் நஷ்டம் உங்களுடையது அல்ல என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. நீங்களே பின் நம்பரைச் சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை ஏற்பட்ட நஷ்டம் உங்கள் தலையில்தான்.

இன்னொன்று. மாற்று சிம் வாங்கினாலும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஆக, புது போனும் புது சிம்மும் அன்றே கிடைத்தாலும் ஓடிபிக்கு ஒரு நாள் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு நாளுக்குத்தான் அவசர ரொக்கமும், இரண்டாவது கார்டும், இன்னொருவர் போனும்.

வங்கி உதவி எண், நெட்வொர்க் உதவி எண், வீட்டில் உள்ள ஒருவரின் எண். இந்த மூன்றையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். பின் நம்பரை மட்டும் எந்தச் சீட்டிலும் எழுத வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு

துணி துவைப்பதற்கு முன்பே பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். தெரியாத செலவு 20 ரூபாயாக இருந்தாலும் விசாரியுங்கள். ஆன் செய்த வெளிநாட்டு வசதியை ஆஃப் செய்யுங்கள்.

அக்கா குடும்பம் அரையாண்டு லீவுக்கு ராமேஸ்வரம் போய் வந்தது. பீரோவில் இருந்த கார்டு இந்த முறை அக்காவின் ஹேண்ட்பேக்கில். பெட்டிக்கு அடியில் ஒரு கவரில் 3,000 ரூபாய். ரூம் வாடகையை அக்காவே தன் போனிலிருந்து கட்டியிருக்கிறாள். "பின் போடும்போது கை நடுங்குச்சுடி" என்றாள். அடுத்த வேளை டிபனுக்கு அவளே போனை நீட்டினாளாம், கை நடுங்கவில்லையாம்.