அணைந்துபோன கணப்பு

ஊட்டி வீடுகளில் பின்சுவரை ஒட்டி, தகரக் கூரையின் நிழலில் ஆள் உயரத்துக்கு நின்றிருந்த விறகடுக்கு மறைந்துவிட்டது. இன்ன நாளில் போயிற்று என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் ஆண்டில் போயிற்று. எங்கள் வீட்டில் அடுக்கு இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர் நிற்கிறது. சுவரில் சீகைப் பட்டையின் பழுப்புக் கறை மட்டும் எத்தனை முறை வெள்ளையடித்தும் போகவில்லை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. ஐப்பசி கடந்தால் நீர்ப்பனி இறங்கும். மார்கழியில் உறைபனி கொட்டி, விடியலில் புல்தரை உப்புக் காயவைத்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். சமவெளியில் விறகு சோற்றுக்கு. எங்களுக்கு உறக்கத்துக்கும் அதுதான்.

மாசியில் லோடு வந்து இறங்கும். கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அதன் முறுக்குக்குள் கோடாலி இறங்காது. சீகை, அதாவது வாட்டில் மரம், நின்று எரியும், அதன் கங்கு நெடுநேரம் கிடக்கும். பற்றவைக்கக் கற்பூரம், இரவைக் கடத்தச் சீகை என்பது வீட்டுக் கணக்கு. பங்குனி, சித்திரை வெயிலில் காயவைத்து வைகாசி முடிவதற்குள் அடுக்கிவிடுவோம். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பிறகு எதுவும் காயாது.

அடுக்குவது என் பாட்டியின் வேலை. அடியில் கல் பரப்பி, காற்றுப் போக இடம் விட்டு, பட்டை மேலே பார்க்க வைப்பார். வைப்பதற்கு முன் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவார். காய்ந்த கட்டை கணீரென்னும், ஈரக்கட்டை மொத்தென்னும். "இது இன்னும் பேசலைடா, கொண்டுபோய் வெயில்ல போடு" என்பார். மார்கழியில் அடுக்கு பாதிக்குக் கீழே வந்துவிட்டால் அன்றிலிருந்து கணப்பில் ஒரு கட்டை குறையும், படுக்கையில் ஒரு கம்பளி கூடும். கையிருப்பு எவ்வளவு, குளிர் இன்னும் எத்தனை நாள் என்பது வீட்டில் இருந்த சிறு பிள்ளைக்கும் கண்ணால் பார்த்தே தெரியும்.

மலையின் பழங்குடிகளுக்கு அடுப்புத் தீ என்றைக்கும் இருந்தது. புகைபோக்கி வைத்த கணப்பு ஆங்கிலேயரோடு வந்தது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஸ்டோன் ஹவுஸைக் கட்டினார். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. பின்னாலேயே பங்களாக்கள் பெருகின, அறைக்கு அறை கணப்புகள் வந்தன. பக்கத்துச் சோலைகள் விறகாயின. சோலை மரம் நிதானமாக வளர்வது. வெட்டிய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தத் தட்டுப்பாட்டுக்கு மாற்றாகத்தான் ஆஸ்திரேலியாவின் சீகையும் கற்பூர மரமும் இங்கே பரவின. ஊட்டியை ஒட்டிய ஆரம்பியில் 1863இல் கற்பூரத் தோட்டம் போட்டார்கள். நாளடைவில் இந்த மரங்கள், தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளிகளில் பெரும்பகுதியை மூடிவிட்டன. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஓடைகளுக்குக் கொடுத்துவந்தது அந்தப் புல்தான். எங்கள் கணப்புக்கான விலையை மலை கொடுத்திருக்கிறது.

பெண்களும் கொடுத்தார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பெண்கள், பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் காட்டெருமைக்குப் பயந்தபடி சீகைக் கட்டைத் தலையில் சுமந்து லயத்துக்குத் திரும்பினார்கள். சில இடங்களில் இன்னும் சுமக்கிறார்கள். விறகுப் புகையை விழுங்கிய என் பாட்டி கடைசிப் பத்தாண்டுகள் இருமலோடுதான் வாழ்ந்தார். விறகடுக்கைப் பற்றி எழுதுகிறவர் இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

அடுக்கு பல காரணங்களால் போயிற்று. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955லேயே சட்டம் வந்தது. கூடலூர்க் காடுகளை முன்வைத்துத் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை காட்டில் மரம் வெட்டுவதை இறுக்கியது. சமையலுக்கு எரிவாயு வந்தது, குளியலறைக்குக் கீசர் வந்தது. புதிதாக எழும்பிய கான்கிரீட் வீடுகளில் யாரும் புகைபோக்கி வைக்கவில்லை.

விறகு போனதில் எனக்கு வருத்தமில்லை. அதோடு சேர்ந்து போன அறிவுக்காகத்தான் வருந்துகிறேன். கணப்பு இருந்த வீட்டில், புகை வெளியேற வழியில்லாத அறையில் நெருப்பை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். இன்று குளிருக்கு அஞ்சி, கதவு ஜன்னலை அடைத்துவிட்டு, சட்டியில் அடுப்புக்கரியை மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி மலையூர்களிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலைக்கு வருகிறவர்கள் இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறைக்குள் கரியை மூட்டாதீர்கள்.

சீகையை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்கும் பணி நீலகிரியில் நடந்துவருகிறது. அது லேசான வேலையில்லை. வெட்டிய சீகை மறுபடி துளிர்க்கிறது. மண்ணில் விழுந்த அதன் விதை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து முளைக்கிறது. நாங்கள் குளிர்காய்ந்த காலம் முடிந்துவிட்டது. அந்த நாற்றுகளைப் பிடுங்கும் வேலை எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும்.