தைல வாசனையும் ஒரு டாக்டர் பேரும்

மூட்டுவலித் தைலத்தைத் திறந்ததும் குப்புன்னு மூக்கில் ஏறுமே ஒரு வாசனை.. அதன் பூர்வீகம் கொஞ்சம் சுவாரஸ்யமானது மக்களே.

வின்டர்கிரீன் என்று ஒரு செடி. வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கக் காடுகள்தான் சொந்த ஊர். அரை அடி உயரம், அவ்வளவுதான். அமிலத்தன்மை உள்ள மண், மர நிழல் இரண்டும் இருந்தால் மண்ணுக்கடியில் தண்டை ஓட்டித் தரையோடு தரையாகப் படரும். பனிக்காலத்திலும் இலை உதிராது, சிவப்புப் பழமும் விழாமல் நிற்கும். புல் வராத நிழல் மூலைக்குக் குளிர்தேசத் தோட்டக்காரர்கள் இதை விரும்பி நடுவது அதனால்தான்.

இனி வரலாறு. லின்னேயஸின் மாணவர் பேர் கால்ம் 1749இல் கியூபெக் போனார். அங்கே பிரெஞ்சு மன்னரின் வைத்தியராக இருந்தவர் ழான்-பிரான்சுவா கோத்தியே. செடி கொடிகளில் பெரிய ஆர்வம் உள்ளவர். அவர் நினைவாகத்தான் செடிக்கு 'கால்தீரியா' என்று பேர் வந்தது. 1753இல் லின்னேயஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

ஆனா ஒண்ணு. அந்த இலையைக் காய்ச்சலுக்கும் வலிக்கும் பூர்வகுடி மக்கள் எப்பவோ பயன்படுத்திக்கிட்டுதான் இருந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் பேர்கூட செடியில் இல்லை. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய சண்டைக் காலத்தில், குடியேறிய வெள்ளைக்காரர்களும் இதைத்தான் தேநீராகப் போட்டுக் குடித்தார்கள்.

1843இல் பிரெஞ்சு வேதியியலாளர் காவூர், இந்த எண்ணெயில் இருப்பது மெத்தில் சாலிசிலேட் என்று கண்டுபிடித்தார். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம். இன்றைக்குத் தைலத்தில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் தயாரானதுதான். செடிக்கு அந்த வேலை போச்சு, தோட்ட வேலை மட்டும் மிச்சம் :)

நமக்கும் இதில் பங்கு உண்டு. நீலகிரியில் இதே இனத்தில் ஒரு புதர்ச்செடி வளர்கிறது. ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் வின்டர்கிரீன் தைலம் பார்த்திருப்பீங்க. அந்த மலைச்செடியின் தாவரவியல் பேரிலும் அதே கியூபெக் டாக்டர்தான்!

கோட் எழுதினவன் ஒருத்தன், செக்-இன் பண்ணினவன் இன்னொருத்தன். லாகில் இருப்பது ரெண்டாமவன் பேர் மட்டும். வரலாறும் அப்படித்தான் போல. செடியைத் தெரிஞ்சு வெச்சிருந்தவங்களை விட்டுட்டு, எழுதி வெச்சவங்களைத்தான் அது ஞாபகம் வெச்சுக்குது.

பி.கு: தைலம் வெளியே தடவ மட்டும். சுத்தமான வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே குழந்தை உயிருக்கு ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்க.