காற்றழுத்திக் கலன் ஆய்வு (பினாங்கு)

காற்றழுத்திக் கலன் ஆய்வு என்பது மோட்டார் பட்டறை, டயர் கடை, சாயம் தெளிக்கும் கூடம் போன்ற இடங்களில் கம்பிரசரோடு இணைந்த காற்றுத் தொட்டி அழுத்தத்தைத் தாங்கும் நிலையில் உள்ளதா என்று சட்டப்படி சோதிக்கும் முறை. மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் இத்தொட்டியை நெருப்பில்லா அழுத்தக் கலனாக வகைப்படுத்தி, தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. அச்சட்டத்தின்கீழ் 15 மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு நடந்தது. 2024 ஜூன் 1 அன்று அச்சட்டம் நீக்கப்பட்டு, கடமை 1994ஆம் ஆண்டின் தொழிலியப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு மாறியது. சட்டம் மாறினாலும் சான்றிதழ் தேவை நீங்கவில்லை.

ஆனால் பினாங்கின் ஜார்ஜ் டவுன் போன்ற கடலோர நகரில் தொட்டிக்கு ஆபத்து பெரும்பாலும் உள்ளிருந்தே வருகிறது; இரு ஆய்வுகளுக்கு இடைப்பட்ட நாள்களில்தான் அது வளர்கிறது. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அக்காற்றை 8 பார் அழுத்தத்துக்கு நெருக்கி, பழைய வெப்பநிலைக்கே ஆறவிட்டால் அதில் ஏறக்குறைய 20 கிராம் நீராகிவிடும். நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்றை இழுக்கும் கம்பிரசர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் மூன்றில் ஒரு லிட்டருக்கு மேல் நீர் சேரும். அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்ததும் எண்ணெய் கலந்து பழுப்பாகப் பீறிடுவது இதுதான். பழுப்பு, தொட்டியின் சொந்த இரும்பு. வடிக்காமல் விட்டால் அடித்தகடும் பற்றவைப்பு ஓரங்களும் அரிக்கப்படும். வெளிப்பூச்சோ புதுசாகவே தெரியும்.

பாதுகாப்பு வால்வு இருக்கும்போது இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். வால்வு, குறித்த அளவுக்கு மேல் அழுத்தம் ஏறும்போதுதான் திறக்கும். அரித்து மெலிந்த தகடு வழக்கமான வேலை அழுத்தத்திலேயே கிழியும். அப்போது வால்வுக்கு எந்த வேலையும் இல்லை. ஆய்வுக்காக ஒரு நாள் பட்டறையை நிறுத்தினால் வருமானம் போகும் என்பது சிறு முதலாளிகளின் நியாயமான முறையீடு. ஆனால் தகட்டின் தடிமனை மீயொலிக் கருவியால் வெளியிலிருந்தே அளந்துவிடலாம். அதற்குத் தொட்டியை வெட்டவோ கழற்றவோ வேண்டியதில்லை. ஐயமிருந்தால் மட்டும், நீர் நிரப்பி வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்க்கும் சோதனை தேவைப்படும். அதற்கும் காற்றை அல்லாமல் நீரையே பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு: நீர் அதிகம் சுருங்காது, ஆகவே தகடு விட்டுப்போனாலும் பெரிதாகச் சிதறாமல் கசிந்து அடங்கும். நெருக்கிய காற்று அப்படியல்ல. அது விரிந்து தகட்டையும் தூக்கி எறியும். ஆய்வுக் கெடு மட்டும் போதாதா என்ற கேள்விக்கு விடை வடிகுழாயிலேயே இருக்கிறது: தினமும் வடித்து, அழுத்தமானியையும் வால்வையும் பார்த்து, பதிவேட்டில் குறிக்கும் பட்டறைக்குத்தான் அந்தக் கெடு பொருந்தும்.