பில்வமங்கள் என்னும் ஊமைப்படம்

'சிந்தாமணி' என்றதும் பழம்படங்களில் நாட்டமுள்ள முதியோர் தியாகராஜ பாகவதரை நினைப்பர். அப்படம் 1937 இல் வெளிவந்தது. அதற்குப் 18 ஆண்டுகளுக்கு முன்னரே அக்கதை கல்கத்தாவில் ஊமைப்படமாக ஓடிற்று என்பதை நம் இளைஞர் அறிதல் நன்று. 'பில்வமங்கள்' என்னும் அப்படம் 1919 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆந் திகதி கார்ன்வாலிஸ் படமாளிகையிலே காட்டப்பெற்றது. எடுத்தவர்கள் மதன் நிறுவனத்தார்; நெறிப்படுத்தியவர் ருஸ்தம்ஜி தோத்திவாலா. இருசாராரும் பார்சிகள். கதையோ கண்ணன் அடியார் ஒருவருடையது!

செல்வக் குடியிற் பிறந்த பில்வமங்களன் சிந்தாமணி என்னும் கணிகைமேற் கொண்ட மோகத்தால் பொருளையும் மானத்தையும் மறந்தான். தந்தையின் திவசத்தன்றும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புயலிரவிலே ஆற்றில் மிதந்த பிணத்தைக் கட்டையென்று பற்றிக் கரையேறினான். சுவரிலே தொங்கிய பாம்பைக் கயிறென்று பிடித்து ஏறினான். அவளோ மகிழவில்லை. இந்த வேட்கையிற் பாதியைக் கடவுள்பால் வைத்திருக்கலாகாதா என்று இடித்துரைத்தாள். அவனைத் திருத்தியவர் குருவுமல்லர், பண்டிதருமல்லர், அக்கணிகையே. துறவு பூண்ட பின்னரும் பிறன்மனையாள் ஒருத்தியைக் கண்டு மனம் தடுமாறியமையால், தன் கண்களைத் தானே குத்திக்கொண்டான். குருடனான அவனைப் பிருந்தாவனத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவன் ஓர் இடைச்சிறுவன். அவன் யாரென்று சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. இக்கதையை வங்க மேடைக்கு நாடகமாக்கியவர் ஸ்ரீ ராமகிருஷ்ணரின் அடியவரான கிரீஷ் சந்திர கோஷ். குடியும் கூத்துமாகத் திரிந்து பின்னர் குருவருள் பெற்றவர் அவர். பில்வமங்களன் உள்ளத்தை அவர் ஏட்டிலே தேடியிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன். சினிமா என்றாலே முகஞ் சுளிக்கும் நம் பெரியோர் இதனைச் சற்றே எண்ணுவாராக. வங்காளத்தின் முதல் முழுநீளப் படம் எனப் பலரும் போற்றுவது இப்பத்திக் கதையைத்தான்.

படத்தின் நீளம் 12,000 அடி. அக்காலத்துப் படச்சுருள் எளிதிற் தீப்பற்றும், வெப்பத்திற் சிதையும். அதில் வெள்ளியும் உண்டு. ஓடி முடிந்த படங்கள் பல அவ்வெள்ளிக்காகவே அழிக்கப்பட்டன. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப்படங்களுள் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. பில்வமங்கள் படத்திலும் எஞ்சியது 594 மீற்றர். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் கல்கத்தாவிலன்று, பாரிஸ் நகரத்துத் திரைப்படக் காப்பகத்திலே கிடந்தது. 2016 இல் அதன் பிரதி புனேயிலுள்ள இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகத்தை வந்தடைந்தது. சும்மா வரவில்லை. 'ஜமாய் பாபு' என்னும் 1931 ஆம் ஆண்டு ஊமைப்படத்தின் பிரதியொன்றை ஈடாகக் கொடுத்தே நம்மவர் அதைப் பெற்றனர்.